கையை விடுபவன் பையில் சாவி

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ஜெகதீசன் அவர்களே, கணவரை இழந்த துக்கத்தைத் தாங்கிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சைனம்பு அக்கா அவர்களே, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பட்டறைகளின் ஷட்டரை இறக்கிவிட்டு வந்திருக்கும் தோழர்களே! எனக்குப் பயமாக இருக்கிறது.

சொல்வது யார்? ஞானசேகரன்! அண்ணனூரில் ஓடுகிற மின்சார ரயிலை ஒற்றைக் கையைக் காட்டி நிறுத்தியவன்! மின்னல் விழுந்த டிரான்ஸ்பார்மரை அது சூடு ஆறுவதற்கு முன்பே தடவிக் கொடுத்தவன்! ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டது, அதற்குமேல் சொல்லித்தர அவர்களிடம் ஒன்றும் இல்லை. அப்படிப்பட்ட எனக்கே வெள்ளிக்கிழமையிலிருந்து தூக்கம் இல்லை.

நம் சங்கச் செயலாளர், கன்ட்ரோல் பேனல் கலையின் சக்கரவர்த்தி, அண்ணன் ஷவுகத் அலி அவர்கள் அன்று தொழுகைக்குக் கிளம்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவரை அடக்கம் செய்யக் கூடிய கூட்டத்தில் பூந்தமல்லி சாலை கோயம்பேடு வரைக்கும் நின்றுபோனதே! பார்த்தீர்களா, இல்லையா?

எதற்காகப் போராடினார் அந்த மனிதர்? ஒரு வார்த்தைக்காக! மெஷின்களை ஓட்டுகிற பேனலில் இரண்டு பெட்டி இருக்கும். உத்தரவு போடுகிற பெட்டிக்கு மாஸ்டர் என்று பெயர், கேட்டு நடக்கிற பெட்டிக்கு ஸ்லேவ். எஜமான், அடிமை! உலகம் முழுக்க அப்படித்தான் ஒட்டினார்கள், நாமும் ஒட்டினோம். அண்ணன் பட்டறையில் வேலை செய்யும் நம் ஜெபா ஒருநாள் அந்த லேபிளை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா செங்கல் சூளையில கொத்தடிமையா இருந்து மீண்டவரு பாய். இத என் கையால ஒட்ட முடியல."

அடுத்த சங்கக் கூட்டத்தில் ரகளை! நண்பர் கிருபாகரன் எழுந்தார். "இரும்புக்கு இன்னா பாய் மானம்? ஒயருக்குக் கோவம் வருமா? பட்டறைக்குள்ள அரசியல இட்டாந்துகினு..."

அண்ணன் சிரித்தார். "ஒயருக்கு வராது கிருபா. ஒட்டுற பொண்ணுக்கு வருதே."

நாற்காலி பறந்தது. ஒன்றை நான் பல்லால் பிடித்தேன். கடைசியில் கிருபாகரனே ஒரு சமாதானம் சொன்னார்: "ஒன்னு, ரெண்டுன்னு ஒட்டிட்டு ஊட்டுக்குப் போலாம்பா. நம்பர்ல இன்னா பாலிடிக்ஸ்?" எல்லோரும் கை தட்டினோம். மாஸ்டர் ஒன்று, ஸ்லேவ் இரண்டு.

ஒரு சங்கதியை எல்லோரும் மறந்தோம். கிருபாகரன் பட்டறையில் தகட்டை அழுத்தும் பிரஸ் மெஷின்கள் இரண்டு. அவற்றின்மேல் பெயிண்டில் ஏற்கெனவே ஒன்று, இரண்டு என்று எழுதியிருக்கிறது, நேர் தலைகீழாக! இரண்டாம் பெட்டி ஓட்டுவது ஒன்றாம் பிரஸ்ஸை. அங்கே வேலை செய்யும் நம் டில்லிபாபு இரண்டாம் பெட்டியை அணைத்தான். பழுது பார்க்க ஸ்பேனரோடு இரண்டாம் பிரஸ்ஸுக்குள் கையை விட்டான். அதற்குக் கரண்ட் போய்க்கொண்டிருந்தது!

பக்கத்தில் நின்ற அண்ணன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பிரஸ் இறங்கியது. உள்ளே விட்டு வந்த ஸ்பேனர் அப்பளமாகிவிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் கேட்கிறது ஐயா!

"பழைய பேரே ஒட்டுங்க" என்றது ஒரு கட்சி. அண்ணன் அசையவில்லை. "பேர மாத்துனது தப்பில்லப்பா. பாதி மாத்துனதுதான் தப்பு" என்றார். தலைப்பெட்டி, துணைப்பெட்டி என்று பெயர் வைத்தார். பெட்டியிலும் மெஷினிலும் ஒரே நாளில் ஒட்ட வேண்டும் என்றார். அதுவரை யார் உள்ளே கை விட்டாலும் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்ட வேண்டும். பூட்டுக்கு ஒரே சாவி. கையை விடுபவன் பையில்தான் அந்தச் சாவி இருக்க வேண்டும். முதலாளி கேட்டாலும் தரக்கூடாது! பட்டறை பட்டறையாக நின்று ஒட்ட வைத்தார். மிச்சம் இருப்பது மெஷினை நிறுத்தாமல் நாள் கடத்திய கிருபாகரன் பட்டறை மட்டும். அதற்குள் போய்விட்டார்.

சற்றுமுன் வாசலில் டில்லிபாபு என் கையைப் பிடித்தான். "அண்ணாத்தே, பாய் இல்லாம அந்த மெஷினுக்குள்ள நான் கை வுடமாட்டேன். பயமாகீது." அவனுக்குத் தைரியம் சொல்ல வாயைத் திறந்தேன். "எனக்கும்தான்டா" என்றுதான் வந்தது. இன்று இரவும் அந்தத் தலைகீழ் நம்பர் அங்கேயே இருக்கிறது. விவரம் தெரியாத ஒருவன் கை நீட்டினால்? யார் காலரைப் பிடித்து இழுப்பது?

கிருபாகரன் அவர்களே, பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நாளைக் காலை மெஷினை நிறுத்துவீர்களா?

"நிறுத்துறேன்பா. எந்தப் பேரு வேணா ஒட்டிக்கோ."

எல்லோரும் கேட்டீர்கள் அல்லவா! ஜெபா, லேபிளை எடுத்துக்கொண்டு வா அம்மா. அண்ணன் விட்ட வேலையை நாளை நாம் முடிக்கிறோம். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு. இறைவன் அவருடைய உறக்கத்தை நிம்மதியாக்கட்டும்.

டில்லிபாபு, மேடைக்கு வா. வெள்ளிக்கிழமை அண்ணன் சட்டைப் பையிலிருந்து சைனம்பு அக்கா எடுத்து வைத்த பூட்டுச் சாவி இது, கிருபாகரன் பட்டறைக்காக அண்ணன் வைத்திருந்தது. வாங்கிக்கொள். பையில் போடு. நாளை நீ உள்ளே கை விடும்போது நான் உன் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.