வெறும் செல்வி

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் இன்னும் பேர் வைக்காத பெண் குழந்தை. பெரியவளின் கால் விரல்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

“எந்தப் பேர வேணா வையி. செல்வின்னு மட்டும் வச்சிடாத. அந்தப் பேரால போன வாரம் நான் செத்துட்டேன்” என்றாள் பெரியவள்.

“இன்னாக்கா சொல்ற?”

“எம்பதுல பொறந்த பொண்ணுங்களுக்கெல்லாம் இந்தப் பேருதான். எங்க உப்பளத்துலயே நாலு பேரு. நெட்ட செல்வி, கண்ணாடி செல்வி, கடக்கார செல்வி. நான் வெறும் செல்வி.”

“சரி.”

“நெட்ட செல்வி நெஞ்சுவலியில பூட்டா. மேஸ்திரி எல்லாருக்கும் போன் போட்டு ‘உப்பளத்து செல்வி பூட்டா’ன்னு சொல்லிட்டாரு. பேருக்கு முன்னாடி ஒண்ணும் சேக்கலன்னா அது நான்தானே. முதலியார்சாவடியிலேந்து எங்க அக்கா மாலையோட வந்துட்டா.”

“அது உன்னோட பேசறதே இல்லியே.”

“பேசறது இல்லதான். நான் வாசல்ல அரிசி பொடச்சிகினு இருக்கேன், தெருமுனையிலேந்தே மாரடிச்சிகினு வர்றா. என்னப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டா.”

இளையவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். “அப்புறம்?”

“மூஞ்சியத் தொடச்சிகினா. மாலைய என் கையில குடுத்தா. ‘செத்தது எந்த செல்வி, வூட்டக் காட்டு’ன்னா. ஆறு வருஷத்துல அதான் மொதப் பேச்சு.”