பூதத்தான் தோட்டத்துத் துடிப்பு

உங்கள் மேசை விசிறி கிரீச்சிடுகிறது, உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். காது இப்படிப் பழகிவிட்டது, என்ன செய்ய. எங்கள் தொழிலில் வேண்டாத எல்லாவற்றுக்கும் 'சத்தம்' என்று பெயர். அதைக் கண்டுபிடித்து நீக்குவதே பாதி வேலை.

பூகம்பத்துக்கு முன்னால் பாறை நெரிபடும்போது பூமியிலிருந்து மின்காந்த அலை கிளம்பும் என்பது என் நம்பிக்கை. அதைப் பிடிக்கத்தான் அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் எங்கள் நிலையம். மண்ணுக்குள் மின்முனைகளைப் புதைத்து, பேட்டரியில் ஓடும் பதிவுக் கருவியோடு இணைத்திருந்தோம். வருஷக்கணக்காக ஒன்றும் வரவில்லை. டெல்லிக் கூட்டங்களில் என்னை ஜோசியர் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். பிறகு, மகாராஷ்டிரத்தில் லாத்தூர் பூகம்பத்தில் குலுங்குவதற்கு முந்தைய வாரம் பதிவுக் கருவியின் பேனா குதித்தது. அதே நாட்களில் மேலே கடந்துபோன ஒரு வெளிநாட்டுச் செயற்கைக்கோளும் ஏதோ கலக்கத்தைப் பதிவு செய்திருந்தது. பொருந்தாத நாட்களும் இருந்தன. அவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை. ஜப்பானில் கட்டுரை படிக்க அழைப்பு வந்தது. சிரித்தவர்களே வாழ்த்தினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கிடைத்ததை யாராவது கெடுத்துவிடுவார்களோ என்று எல்லோரையும் சந்தேகப்பட்டேன். டீக்கடை ரேடியோவை, செங்கோட்டை ரயிலை, கடைசியில் என் மாணவி வித்யாலக்ஷ்மியை. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற அடக்கமான பெண். அவள் திடீரென்று தோட்டம் தோட்டமாகச் சுற்ற ஆரம்பித்தால், யார் ஏவிவிட்டது என்று தோன்றாதா?

ஒரு நாள் மத்தியானம் வந்து சொன்னாள். "ஸார், பக்கத்துத் தோட்டத்துப் பூதத்தான் கரண்டுக் கம்பியில கொக்கி போட்டு மோட்டார் ஓட்டுதார். ஒத்தக் கம்பிதான். மத்த முனைய மண்ணுல அடிச்சிருக்கார். அவர் மோட்டார் போடும்போதெல்லாம்தான் நம்ம பேனா குதிக்குது."

"நீ தப்பாப் பாத்திருப்ப."

"இல்ல ஸார். நாளைக்குக் காலைல மோட்டாரப் போட்டு நிறுத்திக் காட்டச் சொல்லியிருக்கேன். நீங்களே பாருங்க."

யோசித்துப் பாருங்கள். மின்சாரம் மண் வழியாகத்தானே போயிருக்கிறது? சிக்னல் பூமியிலிருந்து வந்தது என்று நான் எழுதியதில் பொய் இல்லை. அவளுக்கு அது புரியவில்லை. அவளை ஒன்றும் செய்ய எனக்கு மனமில்லை, படிக்கிற பெண். காலையில் அந்தச் சோதனை நடக்காமலிருந்தால் போதும்.

அன்று மாலை ட்ரான்ஸ்ஃபார்மரில் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு லைன்மேன்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் டீ குடிக்க ஊருக்குள் போகும்வரை பொறுத்திருந்தேன். நான் கவனக்குறைவானவன் அல்ல. எங்கள் நிலையத்து ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பூதத்தானிடம் போனேன்.

"நாளைக்குக் கரண்டு ஆபீசர் சோதனைக்கு வாராராம்வே. இப்பக் கரண்டு இல்ல. கொக்கிய எடுத்துரும்."

"நல்லவேள சொன்னிய, சண்முகம் ஸார். கனெக்ஷன் கேட்டு எழுதிப் போட்டேன், தர மாட்டுக்கான். வாழ காயுதேன்னு செஞ்ச வேல. நாளைக்கு ஒங்களுக்கு ஒரு தார் வெட்டி வைக்கேன்."

திரும்பி வந்து ஜன்னலருகே நின்றேன். அவர் வெறுங்கையால் கம்பியைப் பற்றி இழுக்கத் தொடங்கினார். எங்கள் ஜெனரேட்டர் மின்சாரம் அவர் கொக்கி மாட்டியிருந்த வெளிக்கம்பிக்குப் போகும்படி சுவிட்சைத் திருப்பினேன். ஜெனரேட்டர் கொஞ்சம் திணறியது. பிறகு பழையபடி ஓடியது.

கரண்டு திருடப் போய்ச் செத்தான் என்று ஊர் பேசி முடித்துவிட்டது. வித்யாலக்ஷ்மி மட்டும் அன்று மாலை ஜெனரேட்டர் ஓடியதைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நன்றாகக் கவனித்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

அதற்குப் பிறகு பேனா குதிக்கவே இல்லை. அதையும் அவள் ஒரு சான்றாகச் சொல்வாள். பூமி ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஜெனரேட்டர் திணறிய அந்த மாலைப் பதிவைக் கொஞ்சம் பாருங்கள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவான துடிப்பு எனக்குக் கிடைத்ததில்லை. ஜப்பானுக்கு அதைத்தான் முதல் படமாக அனுப்பியிருக்கிறேன். இந்தப் பக்கம் பெரிய பூகம்பம் ஒன்று வரப்போகிறது, இன்ஸ்பெக்டர். என்னை உள்ளே வைப்பதற்கு முன்னால் கலெக்டருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். மனித உயிர் விளையாட்டில்லை.