இளவரசி இறப்பதற்கு முந்தின நாள்

என் மகள் ஹேமலதாவின் விளையாட்டு எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, ஐயா. சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி விளையாடுவார்களாம். ஒருவன் வீரன், ஒருத்தி மந்திரக்காரி. எங்குமே இல்லாத ஒரு ராஜ்யத்தில் எல்லோரும் வாழ்வார்கள். அந்த ராஜ்யத்தை உண்டாக்கும் பொறுப்பு இந்த முறை இவளுக்கு.

தன் கல்யாணத்துக்காக லீவு போட்டு ஆரணிக்கு வந்தவள், கூடத்துச் சுவரில் நீளமாக ஒரு காகிதத்தை ஒட்டினாள். ராஜ்யத்தின் ஆயிரம் வருட வரலாறு அதில் வரிசையாக வரவேண்டும். நெசவாளர்களின் நாடு அது. அங்கே நெய்த பட்டைப் போர்த்தினால் ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதனால் தறிக்காரனான என்னைக் கேட்டாள். எங்கள் முன்னோர் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் சொல்பவன் நான். ஒன்று நடந்தால் அதற்கு முன்னால் ஒரு காரணம் இருக்கவேண்டும், இல்லையென்றால் அது வரலாறே இல்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அவளுடைய முகூர்த்தப் புடவையைத் தறியில் நெய்துகொண்டே நான் சொன்னேன், அவள் எழுதினாள். முன்னூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டில் அரசனின் தங்கை இறக்கவேண்டும் என்று முடிவு செய்தது அவள்தான். காய்ச்சல் என்று வைத்துக்கொள் என்றேன். இளவரசி இறந்தாள், அரண்மனைத் தறிகள் நின்றன என்று எழுதினாள். வரிசை தப்பு என்றேன். வீட்டில் சாவு விழும்போது தறியில் இருக்கும் புடவை முகூர்த்தத்துக்கு ஆகாது. எங்களில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் முந்தின நாளே புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிட்டார்கள், மறுநாள் இளவரசி இறந்தாள் என்று மாற்றச் சொன்னேன்.

ஹேமா சிரித்தாள். "அவ சாவப் போறான்னு முந்தின நாளே அவங்களுக்கு எப்டிப்பா தெரியும்?"

சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி கமலம் பேசினாள்.

"லீலா காய்ச்சல்ல படுத்துகினு இருந்தா. நீங்க சோறுகூட துன்னாம ஜல்தி ஜல்தியா நெய்ஞ்சி முடிச்சி பொடவைய அறுத்தீங்க. அடுத்தத தொடங்கவே இல்ல. நான் பாத்துகினுதாங்க இருந்தேன்."

லீலா என் தங்கை. தொண்ணூற்று மூன்றில், களம்பூர் ரைஸ்மில்லில் கணக்கு பார்த்த அன்பழகனோடு பதிவுத் திருமணத்துக்கு நாள் குறித்திருந்தாள். அவன் எங்களவன் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் முடிவெடுக்க வேண்டியவன் நான். கை ஓங்கவில்லை, ஒரு தகாத வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு வந்திருந்தது சாதாரணக் காய்ச்சல். என் கையாலேயே கஷாயம் வைத்து, சாயப்பட்டறையிலிருந்து எடுத்துவந்ததை அதில் கரைத்தேன். கசக்குதுண்ணா என்றாள். முழுசாகக் குடி என்றேன். குடித்தாள். ஊரே கூடி அழுதது. எங்கள் பெயருக்கு ஒரு குறையும் வரவில்லை.

எனக்கு ராட்டையில் நூல் சுற்றித் தந்தவள் அவள்தான். ராட்டையை அந்த வருஷமே விற்றுவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அது சுற்றும் சத்தம் இன்னும் கேட்கிறது. சத்தம் நின்றதும் நூல் வாங்கத் திரும்பாமலே கையை நீட்டுகிறேன். சில நாள் வெகுநேரம் நீட்டியபடி இருப்பேன்.

ஹேமா காகிதத்தைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கேள்வி சரியானதுதான்.

நான் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கமலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடவேண்டாம். ஹேமாவைத் தவிர எங்கள் வீட்டுப் பெண்கள் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறியதில்லை, ஏறவும் மாட்டார்கள். ஹேமாவின் முகூர்த்தப் புடவையைக் காலையிலேயே அறுத்து, மடித்து, பீரோவில் வைத்துவிட்டேன். அதற்கு ஒரு தோஷமும் இல்லை.

கமலத்துக்கு நேற்றிலிருந்து லேசாகக் காய்ச்சல். கஷாயம் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.