கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோராம் எண்

எனக்கு மேடைப் பேச்சு நன்றாக வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா. இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் பிடிபடாது.

கல்லூரிக் கால்பந்து அணிக்குப் பதினெட்டு வருடமாக நான்தான் பிசியோ. வீங்கிய கணுக்காலுக்கு ஐஸ் வைப்பேன், பிடித்துக்கொண்ட தொடையை நீவிவிடுவேன். அத்தனை வருடத்தில் ஒருவரும் என்னை மைக் பக்கம் கூப்பிட்டதில்லை. குறையாகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

சிட்டு என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்தப் பையன் பதினோராம் எண் சட்டையில் நாலு வருடத்தில் அறுபத்து மூன்று கோல் அடித்தவன். படிப்பு முடிந்ததும் ஆட்டத்தை விட்டுவிட்டு மாமாவின் மரக்கடைக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். எங்கள் கல்லூரியில் ஆடி முடித்தவருக்குத்தான் பாராட்டு விழா. அவருடைய சட்டை எண்ணை அப்புறம் யாருக்கும் தரமாட்டார்கள். சட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். சிட்டுவுக்கு விழாக் குழு போட்டார்கள். இந்தத் தடவை பாராட்டுரை என் பொறுப்பு.

நாற்பது பக்கம் எழுதினேன். கண்ணாடி முன்னால் நின்று ஒப்பித்தேன். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நீங்க இவ்வளவு மெனக்கெடல" என்றாள் என் மனைவி. கல்யாணத்தில் என்னைப் பேச யார் விட்டார்கள்?

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிட்டு சிகிச்சை அறைக்கு ஓடிவந்தான்.

"அண்ணே, பெரிய கிளப்புல கூப்பிட்டிருக்காங்க. மூணு வருஷ ஒப்பந்தம். மரக்கடை வேணாம்னு மாமாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்போ விழா?"

"அதுக்கென்னண்ணே, ஆடி முடிச்சப்புறம் வச்சுக்கலாம்."

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். பேச்சு எழுதின கையைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

நான் நிதானமாக யோசித்தேன். பெரிய கிளப்புக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் பெஞ்சில் உட்கார்ந்து, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகத் திரும்பி வருவார்கள். உச்சியில் இருப்பவனை உச்சியிலேயே நிறுத்திவைப்பது உபகாரம் இல்லையா?

அந்த வாரமே வலது முட்டி லேசாக வலிக்கிறது என்று வந்தான். ஸ்கேன் எடுக்கவைத்தேன். மூட்டு நாரில் பாதிக் கிழிசல். ஆறு வாரம் ஓய்வெடுத்தால் கூடிவிடும், ஓடினால் அறுந்துவிடும். கிளப்பும் அந்த ஆறு வாரம் காத்திருக்கும். ஸ்கேனை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, சுளுக்குதான். சனிக்கிழமை தாராளமா ஆடு."

வலி தெரியாமல் இருக்க ஊசியும் போட்டேன். பிள்ளையை வலியோடு ஆடவிட எனக்கு மனசு கேட்கவில்லை.

எழுபதாவது நிமிடத்தில் பந்தோடு திரும்பினான், விழுந்தான். பக்கத்தில் யாருமே இல்லை. முதலில் ஓடியவன் நான்தான். என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, ஆட முடியும்ல?"

"அதையெல்லாம் இப்ப யோசிக்காத" என்றேன். நடக்கலாம், ஆடுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மறுநாள் சொன்னார்.

விழா குறித்த நாளில், குறித்த நேரத்தில் நடந்தது. கட்டுப்போட்ட காலோடு மேடையில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிப் பெட்டியை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிறுவயதிலிருந்தே கூச்ச சுபாவமாம். பேச்சில் ஒரே ஒரு திருத்தம் செய்திருந்தேன். 'விடைபெறும் வீரன்' என்பதை 'விதி பறித்த வீரன்' என்று மாற்றினேன். முன்வரிசை முழுக்க அழுதது. அவனுடைய மாமா என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

நீங்கள் இழுப்பறையில் எடுத்த ஸ்கேன் அதுதான் ஐயா. பார்த்துவிட்டுத்தான் ஊசி போட்டேன். முட்டி போய்விடும் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதையும் சேர்த்து எழுதுங்கள்: நான் பேசி முடித்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று ஐந்து நிமிடம் கைதட்டியது. அது அவனுக்காகத் தட்டியது என்று ஊரில் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.