கேள்வியம்மாவின் மேசையில் பதினோரு கடிதங்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அவர்களே, அம்மையாரின் கணவர் அவர்களே, உடன் பணியாற்றிய ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, பின்வரிசையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் பதினோரு பிள்ளைகளே, நம் வேதியியல் அம்மையாரின் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். கரும்பலகையைப் பார்த்தே பேசிப் பழகிய கணக்கு வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் வகுப்பெடுக்கிறேன். கூச்சம் மட்டும் ஓய்வு பெறவில்லை. அதனால் எண் போட்டு எழுதி வந்திருக்கிறேன். தாள் நடுங்கினால் மின்விசிறிக் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. அம்மையாரின் நீள நோட்டு.
2. முடியாது என்று சொல்லும் துணிவு.
3. நான் செய்த பிழை. அதை அவர் திருத்திய விதம்.
4. அவர் இடத்தை எவராலும் நிரப்ப முடியாது என்பது.

முதல் குறிப்பு. நம் வேதியியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் சூட்டிய பெயர் கேள்வியம்மா. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டு ஆய்வகத்தின் கடைசி மேசைக்கு முன்னால்தான் நிற்பார்கள். ஒரு கால் குட்டையான, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்த அந்த மேசை. அதன் இழுப்பறையில் ஒரு நீள நோட்டு. ஆளுக்கு ஒரு பக்கம். அதில் மதிப்பெண் இருக்காது. அந்தப் பிள்ளை வகுப்பில் கேட்ட கேள்விகள் இருக்கும், தேதியோடு.

"மார்க்கை மார்க் ஷீட்டே சொல்லிடும் சார். நாமளும் அதையே சொன்னா, அங்க உக்காந்து படிக்கிறவங்களுக்கு என்ன புதுசு?" என்பார்.

"கரைசல் நிறம் மாறுறதுக்கு ஒரு நொடி முன்னாடி உள்ள என்ன மிஸ் நடக்குது?" என்று ஒரு பெண் கேட்டாள். மதிப்பெண் நடுத்தரம். அவளுக்கான கடிதம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. இடம் கிடைத்தது. இன்று நான்காம் வரிசையில் இருக்கிறார். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் விடை தேடுகிறாராம்.

இரண்டாம் குறிப்பு. பள்ளி நிர்வாகியின் தங்கை மகன் கடிதம் கேட்டு வந்தான். நாங்கள் என்ன செய்திருப்போம்? எழுந்து நின்றே எழுதிக் கொடுத்திருப்போம். அம்மையார் நோட்டைத் திருப்பிக் காட்டினார். பக்கம் வெறுமையாக இருந்தது. "உன்னைப் பத்தி எனக்கு நாலு வரி தெரியாதுப்பா. நான் எழுதினா சப்புன்னு இருக்கும், உனக்குத்தான் நஷ்டம். விளையாட்டு சாரைக் கேளு, அவருக்கு உன்னை நல்லாத் தெரியும்." விளையாட்டு ஆசிரியர் எழுதினார்: தன்னை அணியில் எடுக்காத நாளிலும் முதலில் வந்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டவன் என்று. அதைவிட நல்ல கடிதம் யாரால் எழுத முடியும்?

மூன்றாம் குறிப்பு. இது எனக்கு வெட்கக்கேடு. சொல்லித்தான் ஆக வேண்டும். என்னிடம் ஒரே ஒரு கடிதம் இருந்தது. 'கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், எத்துறையிலும் சிறப்பார்.' பெயரை மட்டும் மாற்றுவேன். அதை ஒழுங்குமுறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் ஆண்டு இரண்டு மாணவர்கள் ஒரே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார்கள். அங்கிருந்து பதில் வந்தது: இவர்கள் இருவரா, ஒருவரா? ஐந்து நாளுக்குள் புதுக் கடிதங்கள் வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களும் தள்ளப்படும்.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு அம்மையாரிடம் போனேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சட்டையைத் தச்சுட்டீங்களே சார். ஒருத்தன் நெட்டை, ஒருத்தன் குட்டை," என்று சிரித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உக்காருங்க. நெட்டையன் உங்க கிளாஸ்ல என்ன பண்ணான்?"

நெட்டையனுக்கு ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டோம். குட்டையன் வாய் திறக்காத பையன். யோசித்து யோசித்து, ஒன்று நினைவுக்கு வந்தது. சொல்லத் தயங்கினேன்.

"சொல்லுங்க சார், என்னமோ வாய்க்குள்ளயே வச்சிருக்கீங்க."

"முழு மார்க் போட்டுக் கொடுத்த பேப்பரைத் திருப்பிக் கொண்டுவந்தான்மா. நாலாவது வரி தப்பு, நீங்க கவனிக்கல, மார்க்கைக் குறைங்க சார்னான்."

"அட! இதை எழுதாம வேற எதை எழுதுவீங்க?"

"எழுதினா நான் சரியாத் திருத்தலங்கறது ஊருக்கே தெரிஞ்சிடுமே?"

"கடிதம் உங்களைப் பத்தியா சார், அவனைப் பத்தியா?"

எழுதினேன். ஐந்தாம் நாள் அனுப்பினோம். இருவருக்கும் இடம் கிடைத்தது. குட்டையன் இப்போது பேராசிரியர். தன் மாணவர்களுக்குக் கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நாலாவது வரிதான் நினைவுக்கு வருகிறதாம்.

நான்காம் குறிப்பு. தாளில் உள்ளபடியே படிக்கிறேன்: 'ஈடு இணையற்றவர். அவர் விட்டுச் சென்ற இடத்தை எவராலும் நிரப்ப முடியாது.'

நேற்று எழுதியபோது இது எனக்கு நிறைவாகத்தான் இருந்தது. இன்று வாசலில் அம்மையாரின் கணவர் அந்த நீள நோட்டை என் கையில் கொடுத்தார். "பதினோரு பக்கத்துல மூலையை மடிச்சு வச்சிருக்கா சார். கடைசித் தேதிக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கு. ஒண்ணுகூட எழுதி முடிக்கல," என்றார்.

பிள்ளைகளே, அவர் கண்டு குறித்து வைத்ததை நான் கண்டதாக எழுத முடியாது. அது அவருடைய சாட்சி. ஆனால் உங்களுக்குக் கணக்கு எடுத்தவன் நான். என்னையும் ஏதாவது கேட்டிருப்பீர்கள், எங்காவது திருத்தியிருப்பீர்கள். நான் மறந்திருந்தால் வந்து நினைவுபடுத்துங்கள். கூட்டம் தொடங்கும் முன்பே இயற்பியல் ஆசிரியர் மூன்று பேரையும் வரலாற்று ஆசிரியை இரண்டு பேரையும் ஏற்றுக்கொண்டார்கள். மீதி ஆறு பேரும் என் பொறுப்பு. நாளை காலை எட்டரை மணிக்கு அந்தக் குட்டைக்கால் மேசையில் இருப்பேன். வரும் வழியில் புதிதாக ஒரு நீள நோட்டும் வாங்கிவிடுவேன். அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதில் இருப்பார்கள்.

இன்னும் ஒன்று. என் நான்காம் குறிப்பை மறுபடி பார்க்கிறேன். பெயரை மாற்றினால் எந்த இரங்கல் கூட்டத்திலும் படிக்கலாம். அம்மையார் கேட்டிருந்தால், "இது யார் சட்டை சார்?" என்றிருப்பார். எவராலும் முடியாது என்பதை நம்பி நாம் கைகட்டி நின்றால் பதினோரு பிள்ளைகள் கடிதமில்லாமல் நிற்பார்கள். ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலையிலும் அதை அடித்துவிடுகிறேன். நான்காவது வரி தவறு.