குலுக்கிய பின் பயன்படுத்தவும்

ஆங்கிலச் சொற்களை மனத்தில் பதிய வைக்க ஏற்ற நேரம் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய கால் மணி நேரம்தான். வயிறு நிறைந்தவர்கள் எதிர்க்கேள்வி கேட்பதில்லை, சொன்னதை எழுதிக்கொள்வார்கள். பதினொரு வருடம் அந்தக் கால் மணி நேரம் என்னுடையதாக இருந்தது.

நான் அந்த ஹோட்டலின் ஸ்டோர் கீப்பர். கீழ்த்தளத்தில் சோப்பு, பினாயில், ஆசிட் எல்லாம் இருக்கும் அறையின் சாவி என்னிடம்தான். துப்புரவு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, கேன்களில் தமிழ் இருக்காது. ஆகவே ஒவ்வொரு கேனுக்கும் மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டினேன். லேபிளில் உள்ள சொல், அதன் பொருள், அன்றாடப் பேச்சில் அது வரும் ஒரு வாக்கியம். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை, நானாகச் செய்தேன். புதிதாகச் சேருகிறவர்களிடம் சூப்பர்வைசர் சொல்லும் முதல் வார்த்தையே, “கேனைப் பாக்காதீங்க, அண்ணன் தாளைப் பாருங்க” என்பதுதான்.

என்னை ‘அகராதி’ என்று கூப்பிடுவார்கள். திமிர் பிடித்தவனையும் அப்படிச் சொல்வது உண்டு என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள். நானும் தெரிந்துதான் திரும்பிப் பார்த்தேன்.

எங்கள் ஹோட்டல் லிஃப்ட்காரரின் மகளைப் பற்றிக் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். எட்டு மாதத்துக்கு முன் நாலாவது மாடியில் அறை சுத்தம் செய்ய வந்தவள். விருந்தாளிகளிடம் பேச அவள் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். இவள் நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான். கையில் எந்நேரமும் போன்.

அன்று சாப்பாடு முடிந்து பதினான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். புது கிளீனிங் கேன்கள் வந்து இறங்கியிருந்தன. லேபிளில் ‘டைல்யூட்’ என்று இருந்தது. அந்தச் சொல் ஏற்கனவே என் தாளில் உண்டு: ‘குலுக்கிய பின் பயன்படுத்தவும்.’ அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள்.

“அண்ணே, டைல்யூட்னா குலுக்குறது இல்ல, தண்ணி கலக்குறது. பழைய சரக்கு வெறும் சோப்புத் தண்ணி, அதனால ஒண்ணும் ஆகல. இது கெட்டி மருந்து. குலுக்கித் தெறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்.”

மரியாதையாகத்தான் சொன்னாள், அதை மறுக்கவில்லை. பின்வரிசையில் ஒருவன், “அகராதியிலயே ஒரு பக்கம் கிழிஞ்சிருச்சு” என்றான். பதினான்கு பேரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரித்தார். அவள் நேரே போய், சுவரில் இருந்த என் எழுத்தைச் சிவப்புப் பேனாவால் அடித்து, பக்கத்தில் ‘தண்ணீர் கலந்து பயன்படுத்தவும்’ என்று எழுதினாள். பையனுடைய பரீட்சைத் தாளை வாத்தியார் திருத்துவது போல.

அன்று மாலை வீட்டில் பெரிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. சின்ன வயதில் ஏதோ மருந்து பாட்டிலில் பார்த்த வாக்கியம் என் மனத்தில் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் சறுக்கிய யானையைச் சுற்றி நின்று பதினான்கு பேர் சிரிப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் வந்து, சிவப்பு மை பட்ட தாளைச் சுரண்டி எடுத்தேன். புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன், பழைய வாசகத்தோடு. அப்படியே விட்டுவிடும் எண்ணம் இல்லை. சிரிப்பு அடங்கியதும் நானே கண்டுபிடித்தது போலத் திருத்திவிடலாம் என்று இருந்தேன். இது நியாயமான ஏற்பாடு. மற்றவர்கள் தண்ணீர் கலந்துதான் பயன்படுத்தினார்கள், அவள்தான் எல்லோரிடமும் சொல்லிவிட்டாளே. ஆனால் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் டீ பிளாஸ்க்கைக் குலுக்கிக்கொண்டே, “அண்ணே, டைல்யூட் பண்ணிட்டேன், குடிக்கலாமா?” என்றான். நான் இன்னும் சில நாள் பொறுப்பதென்று முடிவு செய்தேன்.

ஐந்தாம் நாள் அந்த அம்மா வந்தார். முதல் நாள் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள் பள்ளியில் படிப்பதாகச் சொன்னார். எழுத்துக்கூட்டி வாசிப்பவர், விரலைத் தாளில் வைத்து, “குலுக்கிய… பின்… பயன்படுத்தவும்” என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“சரிதானே அண்ணே?”

வாசலில் இரண்டு பேர் துண்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கைதான் துண்டில், காது இங்கே. அதில் ஒருவன் பிளாஸ்க்காரன். இல்லை, தண்ணீர் கலக்க வேண்டும் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அது மதியச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து மாடிக்கும் போயிருக்கும்.

“சரிதாம்மா. நல்லா குலுக்குங்க” என்றேன்.

“ரொம்ப நன்றிண்ணே. இவ்வளவு பொறுமையா யாரும் சொல்லித் தரமாட்டாங்க.”

இரண்டாவது மாடிக் குளியலறையில் மூடியைத் திறந்திருக்கிறார். சத்தம் கேட்டு முதலில் ஓடியது நான்தான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவியதும் நான்தான். இரண்டு கண்ணிலும் பார்வை இனி வராது என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள்.

இந்த விசாரணையில் லிஃப்ட்காரர் மகள் எனக்காகப் பேசியிருக்கிறாள். வாசித்துக் காட்டினீர்கள். “அண்ணனுக்கு அந்த வார்த்தை தெரியாதுங்க. நான் எழுதினதை யாரோ கிழிச்சிருக்காங்க, அவரு பாவம், பழசையே திரும்ப எழுதி ஒட்டிட்டாரு. வயசான மனுஷன், விட்டுடுங்க.” பாவமாம். எனக்கு ஐம்பத்து நாலு வயது. என்னைப் பார்த்து இரக்கப்பட அவளுக்கு யார் உரிமை கொடுத்தது?

அதை நம்பி நீங்களும் அறிக்கை தயார் செய்துவிட்டீர்கள். ‘சொல்லின் பொருள் அறியாத காரணத்தால் நேர்ந்த பிழை, உள்நோக்கம் இல்லை.’ ஒரு கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள். நல்ல மனத்தோடுதான் சொன்னீர்கள். வீட்டில் மனைவி காத்துக்கொண்டிருக்கிறாள், எனக்கும் போக ஆசைதான்.

ஆனால் இதில் கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்கு அந்தப் பதினான்கு பேரும் இதை வாசிப்பார்கள். பொருள் அறியாதவன் என்று என்னை எழுத யாருக்கும் உரிமை கிடையாது. அந்த வரியை அடித்துவிட்டு நான் சொல்வதை எழுதுங்கள். எனக்குப் பொருள் தெரியும். அந்த அம்மா விரலை வைத்து வாசித்தபோது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் குலுக்கச் சொன்னேன்.