ஜோகுபாளையம் தெருவில் குப்புறப் படுத்த பிள்ளைகள்

"கிபிர்! கிபிர்! படு! குப்புறப் படு!"

மலர் கத்துகிறாள். சத்தம் கிழக்கிலிருந்து வருகிறது. முதலில் மெல்லிய கீறல், தகரத்தில் ஆணியை இழுப்பதுபோல. பிறகு வானம் முழுக்க இரைச்சல். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்கின்றன. மலரின் கையிலிருந்த சாப்பாட்டுப் பைகள் விழுகின்றன. பிள்ளைகள் ஐவரும் தரையில் விழுகிறார்கள். ஒரே நேரத்தில். முழங்கை ஊன்றி, நெஞ்சு தரையில் படாமல், காதைப் பொத்தி, வாயைத் திறந்து.

குண்டு விழவில்லை.

இது வன்னி இல்லை. பெங்களூரு. ஜோகுபாளையத்தில் ஒரு குறுக்குத் தெரு. பிப்ரவரி மாதக் காலை. பிள்ளைகள் பள்ளி வேனுக்காகக் காத்திருந்தார்கள். மேலே போனவை விமானக் கண்காட்சிக்கு ஒத்திகை பார்க்கும் போர் விமானங்கள். மொட்டை மாடிகளில் ஆட்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். யாரோ விசில் அடிக்கிறார்.

நான்கு பிள்ளைகள் நடைபாதையில் கிடக்கிறார்கள். மலர் அவர்கள்மேல் கவிந்து கிடக்கிறாள். ஐந்தாமவன் ஜோயல். ஐந்து வயது. கீழே குடியிருக்கும் எங்கள் வீட்டு உரிமையாளர் ஸ்டெல்லாவின் மகன். வேன் வருகிறதா என்று எட்டிப் பார்க்கத் தெருவில் இறங்கியிருந்தான். அங்கேயே படுத்துவிட்டான்.

முனையில் ஆட்டோ திரும்புகிறது.

நான் வாசல் கேட்டில் நிற்கிறேன். வேலைக்குப் புறப்பட்டவன். மலரின் கணவன். "எழும்பு! ஜோயல், எழும்பு!" என்று கத்தினேன். அவன் எழும்பவில்லை. காதைப் பொத்தியிருந்தான். சத்தம் முழுதாக அடங்கும்வரை எழும்பக் கூடாது. அப்படித்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது.

பிரேக் கீச்சிட்டது. ஆட்டோ ஒருபக்கம் சாய்ந்தது. முன்சக்கரம் அவனைத் தொடாமல் விலகிப் போனது. பக்கத் தகடு அவன் தோளில் இடித்தது.

"ஏய்! யார மகு இது?" டிரைவர் கன்னடத்தில் கத்தினார். யார் பிள்ளை இது என்று. பிள்ளை அழவில்லை. வாயை இன்னும் திறந்தே வைத்திருந்தான்.

கழுத்துக் காறை எலும்பில் விரிசல். உயிருக்கு ஆபத்தில்லை.

நான் செய்தியாளனாக இருந்தவன். வன்னியில் ஒரு சிறு பத்திரிகை. இறந்தவர், காயமடைந்தவர் விவரத்தை மாலைதோறும் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெயர், வயது, இடம். அதற்குமேல் ஒரு சொல் இருந்தாலும் ஆசிரியர் அடித்துவிடுவார். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

கிபிர் என்பது ஒரு போர் விமானத்தின் பெயர். எங்களுக்கு அது ஒரு கூச்சல். ஒருவர் கத்தினால் ஊரே படுக்கும். படுத்தவர்கள் பிழைத்தார்கள். எல்லோரும் அல்ல.

பெங்களூருக்கு நாங்கள் மூன்று பேர் வந்தோம். நான், மலர், மகள் அபி. வன்னியை விட்டபோது அபி நடை பழகிக்கொண்டிருந்தாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பேருந்தில் கன்னடத்தில் சண்டை போடுவாள். வீட்டுக்குள் மட்டும் எங்கள் தமிழ். நான் ஒக்கலிபுரத்தில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பிறருடைய நல்ல நாட்களில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஊர் எது என்று கேட்டால், தூத்துக்குடிப் பக்கம் என்போம். எங்கள் பேச்சுக்கு அது ஓரளவு பொருந்தும். உண்மையான தூத்துக்குடிக்காரர் எதிரில் வந்தால் எங்களுக்கு அவசர வேலை வந்துவிடும்.

வாடகை வீடு பார்க்கப் போனால் மற்றவர்கள் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். மலர் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். படுக்கும் இடத்துக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே இன்னொரு சுவர் வேண்டும். வன்னியில் இடம்பெயர்ந்து எங்கே போனாலும் முதலில் பதுங்க ஒரு பங்கர் வெட்டினோம். பிறகுதான் அடுப்பு மூட்டினோம். இங்கே எங்களுக்குக் கிடைத்தது முதல் மாடி. வெட்ட மண் இல்லை.

வந்த புதிதில் மலர் படுத்தே கிடந்தாள். சமைப்பாள். மறுபடி படுப்பாள். ஆண்டுகள் அப்படிப் போயின. ஒருநாள் ஸ்டெல்லா கைக்குழந்தையோடு மேலே வந்தாள். "அக்கா, ஆபீஸ் போயிட்டு வர்ற வரைக்கும் இவனைப் பாத்துக்கிறீங்களா? ப்ளீஸ்க்கா." மலர் எழுந்து கை நீட்டினாள். பிறகு தெருவில் வேலைக்குப் போகும் மற்றத் தாய்மாரும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் சத்தம் இருக்கும்வரை மலர் நடமாடுவாள். அது நின்றால் மறுபடி படுத்துவிடுவாள். எனக்கும் அபிக்கும் இது தெரியும். நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். செந்தூரன். கடற்கரை மணலில் வெட்டிய பங்கர். சத்தம் தூரத்தில்தான் இருந்தது. விமானம் பார்க்கத் தலையை வெளியே நீட்டினான். கை காட்டினான். மலர் அவன் காலைப் பிடித்து இழுத்தாள். இழுத்த இழுப்புக்கு வந்தான். அதற்குப் பிறகு அவன் தானாக எதுவும் செய்யவில்லை.

ஒழுங்காகப் படுக்கத் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று மலர் நம்புகிறாள்.

அன்று மாலை ஸ்டெல்லா மேலே வந்தாள். உட்காரவில்லை.

"மலரக்கா, எம் புள்ளைக்கு இன்னா கத்துக் குடுத்தீங்க?"

மலர் தரையைப் பார்த்தாள். அபி முந்திக்கொண்டாள். "ஆன்ட்டி, அது சும்மா ஒரு கேம்."

"கேமா? வாயைத் தொறந்துக்கினு நடு ரோட்ல படுக்கிறது எந்த ஊரு கேம்? தூத்துக்குடியிலயா?"

"தூத்துக்குடி இல்லை," என்றாள் மலர். "வன்னி. இலங்கை."

அபி என்னைப் பார்த்தாள். நான் மலரைப் பார்த்தேன். இத்தனை வருடங்களில் அந்தச் சொல் அந்த வீட்டுக்கு வெளியே போனதில்லை.

"என்ர பிள்ளைக்கு நான் வடிவாச் சொல்லிக் குடுக்கேல்லை. அவன் எழும்பிப் பாத்தவன். அதுதான் உங்கட பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனான். அதுகள் விளையாட்டெண்டு சிரிச்சுச் சிரிச்சுப் படுக்குங்கள். நல்லாப் படுக்குங்கள்."

ஸ்டெல்லா சுவரில் சாய்ந்தாள். கேட்டாள். "பேரு இன்னா?"

"செந்தூரன்."

ஸ்டெல்லா கதவுப் பக்கம் திரும்பினாள். இறங்கிப் போனாள்.

மறுநாள் பிள்ளைகள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். மற்ற வீடுகள் வேறு ஏற்பாடு செய்துகொண்டன. ஒரு தாய் வந்து தண்ணீர்ப் புட்டியையும் மாற்றுச் சட்டையையும் எடுத்துப் போனாள். முகம் கொடுக்கவில்லை. விமானங்கள் மட்டும் தவறாமல் வந்தன. மலர் உள்சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அம்மா, எழும்புங்கோ. தேத்தண்ணி ஆறுது," என்பாள் அபி.

தேநீர் ஆறும். அபி அதை ஊற்றிவிட்டு வேறு போடுவாள். வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அடுத்து எந்த ஊர் என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

கண்காட்சி தொடங்கிய நாள். படியில் செருப்புச் சத்தம். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. ஸ்டெல்லா. அவளோடு ஜோயல், ஒரு கையைத் துணிக்கட்டில் தொங்கவிட்டபடி.

"இனிமே லீவு இல்லேன்னுட்டாங்க ஆபீஸ்ல," என்றாள் ஸ்டெல்லா, வாசலில் நின்றபடி. "இவன் வேற ஆன்ட்டி ஆன்ட்டின்னு உயிரை எடுக்கறான்." பிறகு குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணுக்கா. படுக்க மட்டும் சொல்லாதீங்க. வேற எதுனா சொல்லிக் குடுங்க."

மலர் எழுந்து உட்கார்ந்தாள். கூந்தலை முடிந்தாள்.

விமானங்கள் வருகின்றன. அதே கிழக்கு. அதே கீறல். ஜோயல் பால்கனியில் நிற்கிறான். முழங்கால்கள் மடங்கத் தொடங்குகின்றன. திரும்பி மலரைப் பார்க்கிறான்.

"ஆன்ட்டி! வருது! இப்போ இன்னா பண்ணணும்?"

மலர் பால்கனிக் கம்பியைப் பிடித்திருக்கிறாள். வாய் திறக்கிறது. 'படு' என்ற சொல் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நில்லு," என்கிறாள். "நிண்டு பார்."

இரைச்சல் தலைக்குமேல் வருகிறது. ஜோயல் நிற்கிறான். கட்டுப்போடாத கையைத் தூக்குகிறான். விமானத்துக்குக் கை காட்டுகிறான். மலர் அவன் சட்டை நுனியைப் பிடித்திருக்கிறாள். கண்ணை மூடியிருக்கிறாள். இழுக்கவில்லை.

சத்தம் மேற்கே போய் அடங்கியது.

இழப்பு விவரம்.

வன்னியில்: செந்தூரன், ஆறு வயது. என் தாய், பங்கர் வாசலில். மலரின் தம்பி, உடல் கிடைக்கவில்லை. ஒரு வீடு, ஒரு கிணறு, பத்திரிகையின் அச்சு இயந்திரம்.

பெங்களூரில்: திரும்பி வராத பிள்ளைகள் நால்வர். காயமடைந்தவன் ஜோயல், ஐந்து வயது. எலும்பு கூடி வருகிறது. இதோடு, நாங்கள் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காத தூத்துக்குடி.

இன்று: விமானங்கள் மூன்று. படுத்தவர் யாருமில்லை.